மருத்துவக் குறிப்புகளை வாசிக்கும் மென்பொருள்: மூன்று ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கடலூரில் நான் பொது மருத்துவராகப் பணியாற்றும் தனியார் மருத்துவமனையில், மருத்துவர்கள் கணினியில் தட்டச்சு செய்யும் குறிப்புகளைப் படித்து, நோய், அறிகுறி, மருந்து, அளவு ஆகியவற்றைத் தனித்தனிக் கட்டங்களில் நிரப்பித் தரும் மொழிச் செயலாக்க மென்பொருள் ஒன்றை மூன்று ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். நோய்ப் பெயர்களுக்கு அது ஸ்னோமெட் சி.டி. என்னும் பன்னாட்டு மருத்துவச் சொல் தொகுதியின் குறியீடுகளை இடுகிறது, அதை நடத்தும் அமைப்பில் இந்தியா 2014-இலேயே உறுப்பினராகிவிட்டதால் குறியீட்டுக்கென்று தனி உரிமக் கட்டணம் இல்லை.

முதல் சில மாதங்கள் சுருக்கெழுத்துகளோடு போராடுவதிலேயே கழிந்தன. புதுச்சேரி சாலையில் வண்டியோடு விழுந்து வந்த இளைஞரின் கேஸ் ஷீட்டில் டியூட்டி டாக்டர் 'ஆர்.டி.ஏ.' என்று எழுதியிருந்தார். நம் ஊர் மருத்துவமனைகளில் அதற்குச் சாலை விபத்து என்று பொருள். மென்பொருளோ அதே சுருக்கெழுத்தால் குறிக்கப்படும் ரீனல் டியூபுலர் அசிடோசிஸ் என்னும் சிறுநீரகக் கோளாற்றைப் பதிந்தது. காலையும் இரவும் ஒவ்வொரு மாத்திரை என்பதற்கு நாம் எழுதும் 1-0-1 அதற்குத் தேதியாகத் தெரிந்தது. எங்கள் பயிற்சி மருத்துவர்கள் ஒரு 80 பக்க நோட்டில் இத்தகைய எழுத்து வழக்குகளைத் தொகுத்து அகராதியாக ஏற்றிய பிறகே கருவி உருப்பட்டது. விற்றவர்கள் தந்த பயிற்சி வகுப்புகளைவிட அந்த நோட்டுதான் எங்களுக்கு உதவியது.

'இந்த அறிகுறி இல்லை' என்னும் எதிர்மறையைக் கையாளும் விதம் இதைவிடச் சிக்கலானது. 2001-இல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட நெக்எக்ஸ் என்னும் எளிய முறை, 'நோ' (no) போன்ற ஆங்கிலச் சொல்லைக் கண்டதும் அதையடுத்த ஐந்து சொற்களுக்குள் வரும் நோய்க்குறியை 'இல்லை' எனக் கொள்ளும். எங்கள் கருவியும் ஏறத்தாழ அவ்வழியிலேயே நடக்கிறது. மழைக்காலம் முடிந்து ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் பெருகிய ஒரு பருவத்தில், அதன் அடையாளமாகத் தோலில் தோன்றும், எஸ்கார் எனப்படும் கருநிறப் பொருக்கு காணப்பட்ட நோயாளிகளின் பட்டியலைக் கேட்டோம். ஆவணப் பிரிவு ஊழியர் கேஸ் ஷீட்டுகளைப் புரட்டி இரண்டு நாளில் எடுக்கும் பட்டியல் சில நிமிடங்களில் வந்தது. ஆனால் நம்ப முடியாத அளவுக்கு நீளமாக இருந்தது. தடிப்பு, காமாலை, வீக்கம் என ஒரே 'நோ'வின் கீழ் வரிசையாக எழுதிக் கடைசியில் எஸ்காரைச் சேர்ப்பது எங்கள் வழக்கம். ஐந்து சொற்களைத் தாண்டியதும் அந்த 'நோ' வலுவிழந்துவிட்டது. நோயாளி சொன்னதை அப்படியே ஆங்கில எழுத்தில் 'வாந்தி இல்லை' என்று எழுதும்போது மறுப்பு பின்னால் வருகிறது என்பதும் முன்னோக்கிப் பார்க்கும் அந்தக் கருவிக்குப் புரியவில்லை.

'மயக்கம்' தனிக் கதை. தலை சுற்றியதையும் நினைவிழந்து விழுந்ததையும் நம் மக்கள் அந்த ஒரே சொல்லால்தான் சொல்வார்கள். முதலில் அதைத் தலைச்சுற்றலோடு இணைத்தோம். பிறகு இணைப்பை நீக்கிக் கட்டத்தை வெறுமையாக விட்டோம். வெற்றுக் கட்டத்தைக் கண்டால், "கண் இருட்டிச்சா, கீழே விழுந்தீங்களா?" என்று மருத்துவர் திரும்பக் கேட்டாக வேண்டும்.

என்னை மிகவும் உறுத்தியது கேள்விக்குறிதான். சந்தேகத்தைக் குறிக்க நோய்ப்பெயருக்கு முன்னால் நாங்கள் இடும் அந்த ஒற்றைக் குறியை மென்பொருள் உதறிவிட்டதால், நாட்பட்ட இருமலோடு வந்த ஒரு மூதாட்டியின் நோய்ப் பட்டியலில் டி.பி. உறுதியான நோயாக ஏறிவிட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தும் அந்தக் கட்டத்தை யாரும் திருத்தவில்லை; அடுத்தடுத்த வருகைகளில் அது அப்படியே நகலாயிற்று. ஒரு புதிய மருத்துவர் டி.பி. மாத்திரையை முழுவதும் சாப்பிட்டு முடித்தாரா என்று விசாரித்தபோது, "எனக்கு டி.பி.யா? யாரும் சொல்லலியே டாக்டரம்மா" என்று அவர் பதறிய பின்னரே பிழை வெளிப்பட்டது. வளவளவென்ற குறிப்பில் தயங்கி நின்ற சொல், கட்டத்துக்குள் போனதும் தீர்ப்பைப் போலத் தோற்றமளிக்கிறது, படிப்பவரும் சந்தேகிப்பதில்லை.

இவ்வாண்டும் ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறோம். மருந்துகளையும் அளவுகளையும் கருவி இப்போது நன்றாகவே எடுத்துத் தருகிறது. டிஸ்சார்ஜ் சம்மரி தயாராகும் நேரமும் கணிசமாகக் குறைந்திருக்கிறது. எந்தக் கட்டத்தைத் தொட்டாலும் அதற்கு மூலமான வரி திரையில் தெரிய வேண்டும் என்று கேட்டோம். இரண்டாம் ஆண்டில் அந்த வசதி வந்தது. கேள்விக்குறிக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. அதுவரை, நோய்ப் பட்டியலில் புதிதாக ஏறும் ஒவ்வொரு பெயரையும் மூல வரியோடு ஒப்பிட்டு, மருத்துவர் ஒருவர் தம் பெயரில் ஒப்புதல் தந்த பிறகே சேமிக்கிறோம்.