கோவ் துறைமுகத்தில் கையில் வந்த பயணச்சீட்டு

அயர்லாந்தின் கார்க் நகரிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய கோவ் என்னும் துறைமுக ஊரில் என் கல்லூரித் தோழி குடும்பத்துடன் வசிக்கிறாள். சென்ற முறை அவர்களைப் பார்க்கப் போயிருந்தபோது, மழை சற்று விட்டதும் அவர்கள் என்னை அழைத்துச் சென்ற இடம் ‘டைட்டானிக் எக்ஸ்பீரியன்ஸ்’ காட்சியகம். குயின்ஸ்டவுன் என்று 1849 முதல் 1920 வரை வழங்கப்பட்ட இவ்வூர்தான் டைட்டானிக் கடைசியாக நின்று சென்ற துறைமுகம். டைட்டானிக்கை இயக்கிய ஒயிட் ஸ்டார் லைன் நிறுவனத்தின் பழைய அலுவலகக் கட்டடத்திலேயே காட்சியகம் அமைந்திருக்கிறது.

நுழையும்போதே ஆளுக்கொரு பயணச்சீட்டு தருகிறார்கள். 1912 ஏப்ரல் 11 அன்று இங்கிருந்து ஏறிய 123 பேரில் ஒருவருடைய பெயர் அதில் இருக்கும். அவர் பிழைத்தாரா என்பது இறுதியில்தான் தெரியவரும். எனக்கு வந்தது, ஐந்து மகன்களை அழைத்துக்கொண்டு மூன்றாம் வகுப்பில் ஏறிய மார்கரெட் ரைஸ் என்ற கைம்பெண்ணின் சீட்டு. மூன்றாம் வகுப்பு அறையின் மாதிரியை வழிகாட்டி விளக்கிக்கொண்டிருக்க, அந்தக் குறுகிய கட்டில்களில் எந்தப் பிள்ளையை எங்கே படுக்க வைத்திருப்பாள் என்பதிலேயே என் மனம் நின்றுவிட்டது. கப்பல் மூழ்குவதை ஒளியாலும் ஒலியாலும் காட்டும் பகுதி நன்றாகவே செய்யப்பட்டிருக்கிறது. ஆனால் என்னை உலுக்கியது கையிலிருந்த அட்டைதான்.

கடைசியில் பெயர்களைத் தேடினோம். 123 பேரில் பிழைத்தவர்கள் 44 பேர். ரைஸ் குடும்பத்தில் ஒருவர்கூட மிஞ்சவில்லை. தோழியின் சீட்டுக்குரியவர் பிழைத்திருந்தார். அதை என்னிடம் சொல்லவே அவள் தயங்கினாள்.

வழிகாட்டியுடன் சுற்றுவது ஏறத்தாழ அரை மணி நேரம்தான். அதன்பிறகு அவசரப்படாமல், கட்டடத்தின் பின்புறம் தெரியும் பழைய மரப் படகுத்துறையை நிதானமாகப் பாருங்கள். டைட்டானிக் துறைமுக வாயிலருகே நங்கூரமிட்டு நின்றதால், ‘அயர்லாந்து’, ‘அமெரிக்கா’ என்ற இரு சிறு கப்பல்களில்தான் பயணிகளைக் கொண்டு சேர்த்தார்கள். 1848க்கும் 1950க்கும் இடையில் ஏறத்தாழ 25 லட்சம் பேர் இவ்வூர் வழியாக நாட்டைவிட்டுப் போயிருக்கிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இவ்வூரின் துயரம் ஒரு கப்பலோடு முடிந்ததல்ல என்பது விளங்கும். துறையில் இப்போது எஞ்சியிருப்பவை உளுத்துப்போன சில மரத்தூண்கள் மட்டுமே. நாங்கள் பார்த்தபோது பாசி படிந்த ஒரு தூணின் மேல் கடற்காகம் ஒன்று உட்கார்ந்திருந்தது.