அகஸ்தியர்கூடம் பாஸ் என்று 21,500 ரூபாயைச் சுருட்டிய கடை: உஷார்

களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். என்னால் நிதானமாக எழுத முடியவில்லை. அகஸ்தியர்கூடம் என்ற பொதிகை மலை ஏறுவதற்கு "ஃபாரஸ்ட் கோட்டாவில் பாஸ் எடுத்துத் தருகிறோம்" என்று யார் சொன்னாலும் ஒரு பைசா கொடுக்காதீர்கள். எங்களுக்குப் போனது 21,500 ரூபாய். போலீஸில் புகார் கொடுக்கும்வரை பெயர் போட வேண்டாம் என்று தெரிந்த வக்கீல் ஒருவர் சொன்னதால் கடைப் பெயரை எழுதவில்லை. முன்பக்கம் ஜெராக்ஸும் ரீசார்ஜும், உள்ளே ஒரு மேசை போட்டு டிராவல்ஸ். அந்த மாதிரிக் கடை.

எங்கள் மாமாவுக்கு 58 வயது. பொதிகை உச்சியில் அகத்தியர் சிலையைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அவருக்கு நெடுநாள் ஆசை. பாபநாசம் பக்கத்துப் பழைய வழியைத் தமிழக வனத்துறை மூடி வைத்திருக்கிறது. மிச்சமிருப்பது விதுரை தாண்டிப் போணக்காட்டிலிருந்து கேரள வனத்துறை விடும் வழி மட்டும்தான். அதுவும் ஜனவரி, பிப்ரவரி சீசனில், ஒரு நாளைக்கு இத்தனை பேர்தான் என்ற கணக்கோடு. ஆன்லைன் பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். நாங்களும் வீட்டில் லேப்டாப்பும் போனுமாக உட்கார்ந்து பார்த்தோம், கிடைக்கவில்லை. அப்புறம்தான் யாரோ சொல்லி அந்தக் கடைக்குப் போனது.

அந்த ஆள் பணத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மாமாவை உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தார். மூச்சுத் திணறல் உண்டா, முட்டுவலி உண்டா, முதல் நாள் அதிருமலை கேம்ப் வரைக்கும் நடந்துவிடுவீர்களா என்று டாக்டர் கணக்காகக் கேட்டார். தங்கையும் வருகிறாள் என்றதும், "2019-க்குப் பிறகு பெண்களும் போகலாமே, பேடிக்காண்டாம் (பயப்பட வேண்டாம்)" என்றார். எல்லாமே உண்மையான விவரம். பிறகு எங்கள் முன்னாலேயே ஸ்பீக்கரில் யாருக்கோ போன் போட்டார். "சாரே, நம்முடெ ஆளுகளா, நாலு பேருண்டு." அந்தப் பக்கமிருந்து கனமான குரலில் "செரி, பேரு அயச்சோ (பெயரை அனுப்பு)" என்று பதில். "ரேஞ்சராக்கும்" என்று எங்களைப் பார்த்துக் கண்ணடித்தார். ஆளுக்கு 5,500, நாலு பேருக்கு 22,000. சாப்பாடு, ஜீப் எல்லாம் அதிலேயே சேர்த்தி என்றார். கொடுத்ததும் ஐநூறு ரூபாயைத் திருப்பி மாமா கையில் வைத்து, "அண்ணாச்சி சாமி பாக்கப் போறாரு, இது நம்ம கணக்கு" என்றார். மாமா அங்கேயே அவர் பேச்சில் விழுந்துவிட்டார். அந்த ஐநூறு போகத்தான் 21,500. பத்தாயிரம் ரொக்கம், மீதி ஜீபே.

வாட்ஸ்அப்பில் பிடிஎஃப் வந்தது. வனத்துறை முத்திரை, எங்கள் பெயர்கள், பதிவு எண் எல்லாம் இருந்தது. மெடிக்கல் சர்டிபிகேட் எடுத்தோம், மாமா விரதம் இருந்தார், இருட்டோடு கிளம்பிப் போணக்காடு போய்ச் சேர்ந்தோம். சொன்ன ஜீப் வரவே இல்லை, சொந்தச் செலவில் வண்டி பிடித்தோம். வனத்துறையின் பிக்கெட் ஸ்டேஷனில் (காவல் சாவடியில்) இருந்தவர் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தார். மறுபடியும் வந்தார். எங்கள் பெயர் ஒன்றுகூட இல்லை. நாங்கள் நீட்டிய எண்ணில் பதிவு செய்திருந்தவர் கோட்டயத்துக்காரராம், அன்றைக்கே அடையாள அட்டையைக் காட்டி உள்ளே போய்விட்டாராம். யாருடைய பாஸிலோ பெயரை அழித்து எங்கள் பெயரை ஒட்டியிருக்கிறார்கள்! அங்கிருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். விட முடியாது என்றார்கள், அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யார் உள்ளே இருக்கிறார்கள் என்று தெரியாமல் காட்டுக்குள் ஆளை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 குரங்கணி போதாதா? மலையேறப் போனவர்களில் 23 பேர் காட்டுத் தீயில் போனார்கள். அந்தப் பட்டியல் சும்மா இல்லை.

கேட்டில் நின்றே கடைக்குப் போன் போட்டேன். "சர்வர் அப்டேட் ஆகல்ல, ஒரு மணிக்கூறு வெயிட் பண்ணுங்க." ஒரு மணி நேரம் கழித்து, "ரேஞ்சர் மீட்டிங்கில இருக்காரு." மதியத்துக்கு மேல் போன் எடுக்கவில்லை. ஊர் திரும்பி நேரே கடைக்குப் போனால் ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருக்கிறான், ஓனர் எர்ணாகுளம் போயிருக்கிறாராம். ராத்திரி வாய்ஸ் மெசேஜ் வந்தது: பணம் மேலே கட்டியாச்சு, திரும்ப வராது, வேணும்னா சீசன் முடிந்ததும் ஸ்பெஷல் பேக்கேஜில் அனுப்புகிறேன், ஆளுக்கு இன்னும் 2,000 மட்டும் போடுங்கள். இன்னும் 2,000! 21,500-ஐ விழுங்கிவிட்டு மேலே 2,000 கேட்கிறார். இப்போது என் நம்பரை பிளாக் செய்தாயிற்று. மாமா யாரோடும் பேசவில்லை.

பாஸ் எடுக்கும் சரியான முறையை விளக்கமாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன். இப்போது பொறுமை இல்லை, இதை மட்டும் மனதில் வையுங்கள். கேரள வனத்துறையின் சொந்தத் தளம் தவிர வேறு எந்த லிங்கையும் நம்ப வேண்டாம். பெயர் மாற்றித் தரும் பாஸ் என்று ஒன்று கிடையாது, அசல் அடையாள அட்டையோடு ஒத்துப் பார்க்காமல் உள்ளே விடமாட்டார்கள். கைடை வனத்துறையே அனுப்பும், அதற்குத் தனியாக எவனுக்கும் அழ வேண்டாம். பிடிஎஃப் வந்தால் கிளம்புவதற்கு முன்னாலேயே திருவனந்தபுரம் வைல்ட்லைஃப் வார்டன் அலுவலகத்துக்கு அந்த எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். ஸ்பீக்கரில் ரேஞ்சர் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜீபேயில் போன 11,500-க்கு சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணில் புகார் பதிவு செய்தாயிற்று. ரொக்கமாகக் கொடுத்த பத்தாயிரத்துக்கு ரசீது இல்லை, அதற்கு நாளை ஸ்டேஷனுக்குப் போகிறோம். இதே மாதிரிக் கடையில் இதே சீசனில் பணம் கொடுத்தவர்கள் யாராவது இருந்தால் வாட்ஸ்அப் சாட்டை அழித்துவிடாதீர்கள், எனக்குத் தனியாக அனுப்புங்கள். நாலைந்து புகார் சேர்ந்து போனால்தான் ஸ்டேஷனில் திரும்பிப் பார்ப்பார்கள்.