வெளிர்த்திரையா, கருந்திரையா?

செங்கோட்டையில் உச்சி வெயிலில் புனலூர் பஸ்ஸுக்குக் காத்திருப்பவரின் கைபேசியில் கருந்திரை (கருப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, அதாவது டார்க் மோட்) இருந்தால், எழுத்தைவிட அவர் முகமே அதில் தெளிவாகத் தெரியும். வெளிச்சத்தில் வெள்ளைப் பின்னணி, அதாவது வெளிர்த்திரைதான் சரி. கண்பாவை சுருங்குவதால் எழுத்தின் விளிம்பு கூர்மையாகிறது. கருப்பில் பாவை விரிகிறது. அஸ்டிக்மாடிசம் என்ற பார்வைக் குறை உள்ளவர்களுக்கு வெள்ளை எழுத்தைச் சுற்றி ஒளி கசிந்து மங்கும். தமிழுக்கு இது கூடுதல் தொல்லை: மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோகும், னகரத்தையும் ணகரத்தையும் பிரிக்கும் சுழி கலங்கிவிடும்.

இரவில் விளக்கணைத்த பஸ் புளியரை வளைவுகளில் ஏறும்போது வெள்ளைத் திரை கண்ணைக் குத்தும், பக்கத்தில் தூங்குபவரையும் எழுப்பிவிடும். அங்கே என் ஓட்டு கருந்திரைக்கே. நீண்ட கட்டுரை என்றால் மட்டும், வெள்ளையையே வைத்து ஒளியைக் குறைத்துக்கொள்வேன்.

கருந்திரையால் சார்ஜ் மிச்சமாகும் என்பது பாதி உண்மை. எல்சிடி திரையில் பின்விளக்கு எப்போதும் எரிவதால் பெரிய பயனில்லை. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையில் கருப்பான இடங்கள் அணைந்தே கிடக்கும். ஆனாலும் 2021இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தினர் அளந்தபோது, 30 முதல் 50 சதவீதத் திரை ஒளியில் மிச்சமானது சராசரியாக 3 முதல் 9 சதவீதம் மட்டுமே. முழு ஒளியில்தான் அது 39 முதல் 47 வரை போனது.