காந்தல், நிக்ரோம், ஸ்டீல்: ஒரே அச்சில் சுற்றிய மூன்று காயில்கள்

2025 ஜூன் 1 முதல் பிரிட்டனில், ஜூஸ் தீர்ந்ததும் தூக்கிப்போடும் வேப்களை (மின்சிகரெட்) விற்கக் கூடாது. சிகரெட்டை விட்டுவிட்டு அதில் ஒதுங்கியிருந்த நண்பர்கள் சிலர் அதன்பிறகு என்னிடம் வந்தார்கள். "நீங்க கையாலயே காயில் சுத்துறீங்களே, எந்தக் கம்பி வாங்கட்டும்?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். காயில் என்பது வேப்பில் ஜூஸ் என்கிற திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிச் சுருள்; அதற்குள் செருகிய பஞ்சுத் திரிதான் ஜூஸை உறிஞ்சித் தரும். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன். இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி வேப் தயாரிப்பும் இறக்குமதியும் விற்பனையும் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். ஆகவே இது சட்டம் இடம் தரும் நாடுகளில் இருக்கிற, புகையிலிருந்து வெளியே வந்த பெரியவர்களுக்கானது. புகைப் பழக்கமே இல்லாதவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கம் வர வேண்டாம்.

நியாயமாக ஒப்பிட வேண்டும் என்பதற்காக மூன்று கம்பியும் 26 கேஜில், அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் தடிமனில் எடுத்துக்கொண்டேன். 3 மில்லிமீட்டர் அச்சில் 6 சுற்று. திருகில் மாட்டும் இரண்டு முனைகளையும், அதாவது கால்களையும் சேர்த்தால் ஏழரை சென்டிமீட்டர் கம்பி போகும். 10 மீட்டர் உருளை ஒன்றில் 130 காயில் வரை சுற்றலாம். கணக்குப்படி காந்தல் ஏ1 சுமார் 0.84 ஓம், நிக்ரோம் 80 சுமார் 0.63, ஸ்டீல் 316எல் சுமார் 0.44. அளவு ஒன்றுதான், சுற்று ஒன்றுதான். ஆனால் ஸ்டீலின் மின்தடை காந்தலில் பாதிதான். பேட்டரியை நேரடியாகக் காயிலோடு இணைக்கும் மெக்கானிக்கல் மாடில் (மாட் என்பது பேட்டரி வைக்கும் கைக்கருவி) இந்த வித்தியாசம் விளையாட்டில்லை. முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும் செல், காந்தலுக்கு 5 ஆம்பியர் கொடுத்தால் ஸ்டீலுக்கு 9.5 கொடுக்கும். புதிதாகச் சுற்றுகிறவர்கள் பாதுகாப்புச் சிப் உள்ள மாடை மட்டுமே வாங்குங்கள்.

காந்தல் என்பது இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த கலவை, ஸ்வீடனில் பிறந்தது. இதில் நிக்கல் கிடையாது. கவரிங் தோடு போட்டாலே காது அரித்துப் புண்ணாகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இதுவே போதுமான காரணம். சுற்றும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அச்சை உருவியதும் ஸ்பிரிங் மாதிரி விரியும், அதனால் கடைசிச் சுற்று வரை இழுவையைத் தளர்த்தக் கூடாது. ஆனால் பிழையைப் பொறுத்துக்கொள்ளும் கம்பி இதுதான். குறைந்த வாட்டில் விட்டுவிட்டுச் சூடாக்கினால் மேலே அலுமினியம் ஆக்சைடு படியும். அது மின்சாரத்தைக் கடத்தாது. சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தாலும் குறுக்கே பாயாமல் அந்தப் படலம் பார்த்துக்கொள்கிறது.

நிக்ரோமுக்கு வயது அதிகம். ஆல்பர்ட் மார்ஷ் 1906-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற கலவை, டோஸ்டரைச் சாத்தியமாக்கியது. 80 சதவீதம் நிக்கல், 20 சதவீதம் குரோமியம். கைக்கு மிருது, வளைத்த இடத்தில் நிற்கும். "காந்தலைவிடச் சீக்கிரம் சூடாகும்" என்று கடைக்குக் கடை சொல்லித்தான் இதை விற்கிறார்கள். இதை அப்படியே நம்ப வேண்டாம். ஒரே வோல்டேஜ் கொடுத்தால் உண்மைதான், மின்தடை குறைவு என்பதால் அதிக மின்னோட்டம் பாயும். ஆனால் இன்றைய மாடில் நாம் வைப்பது வாட். இரண்டுக்கும் அதே 25 வாட் கொடுத்தால் நிக்ரோம் முந்தாது. அதன் அடர்த்தி அதிகம், அதே நீளக் கம்பியைச் சூடாக்கக் கொஞ்சம் கூடுதலாகவே வெப்பம் வேண்டும். மிருதுவாக இருக்கிறது என்பதற்காக வாங்குங்கள், வேகத்துக்காக வேண்டாம்.

ஸ்டீலைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். சூடு ஏற ஏற காந்தலின் மின்தடை ஏறக்குறைய அசையாது. ஸ்டீலில் ஒவ்வொரு 100 டிகிரிக்கும் சுமார் 9 சதவீதம் கூடும். மாடில் உள்ள சிப் இந்த ஏற்றத்தை வைத்தே வெப்பநிலையைக் கணித்து, நாம் வைத்த எல்லையில் மின்சாரத்தைக் குறைக்கிறது. 20 டிகிரியில் 0.44 ஓம் இருக்கும் காயில் 220 டிகிரியில் 0.52-க்கு வந்துவிடும். திரி காய்ந்துபோனாலும் சூடு எகிறாது. கருகல் வாடை தொண்டையில் ஏறும் முன்பே சிப் அடக்கிவிடும். சூடு மிஞ்சினால் ஜூஸில் உள்ள கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற நச்சு உருவாகும் என்பதால் இந்தக் கட்டுப்பாட்டை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அதே குணம்தான் ஸ்டீலைக் கறாராகவும் ஆக்குகிறது. திருகு சரியாக இறுகாமல் 0.04 ஓம் கூடினால் காந்தலில் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஸ்டீலில் சிப் அதை 100 டிகிரி ஏற்றம் என்று எடுத்துக்கொள்ளும். ஆவியே வராது, மாட் பழுது என்று நினைப்பீர்கள். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. சிவக்க வைத்துப் பார்த்த காயில் ஆறும் முன்பே அதன் அளவைச் சிப்பில் பதித்துவிட்டால், 0.44-க்குப் பதில் 0.47 என்று பதியும். பிறகு நீங்கள் 220 என்று வைத்தாலும் கம்பி ஏறக்குறைய 310-ஐத் தொடும். நான் இரண்டு வாரம் இந்தத் தவறோடு இழுத்துக்கொண்டு, வாங்கிய ஜூஸ் மோசம் என்று திட்டிக்கொண்டிருந்தேன். இப்போது காயில் மாட்டியதும் பத்து நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் பதிக்கிறேன்.

காயிலின் நடுவில் ஒரு சுற்று மட்டும் முன்னால் சிவந்தால் அந்த இடத்தில் சுற்றுகள் பாதி தொட்டும் தொடாமலும் இருக்கின்றன. செராமிக் இடுக்கியால் மேலும் கீழும் லேசாக வருடினால் காந்தலில் சரியாகிவிடும், நிக்ரோமில் இன்னும் கொஞ்ச நேரம் எடுக்கும். ஸ்டீலில் அந்த வேலையே வைத்துக்கொள்ளாமல், சுற்றுக்கு நடுவே ஒரு கம்பி இடைவெளி விட்டே சுற்றுங்கள். ஓரச் சுற்று முதலில் சிவந்தால் கோளாறு காலில்: நீளம் கூடிவிட்டது, அல்லது திருகு கடிக்கவில்லை.

கருகல் வந்ததும் கம்பியைக் குறை சொல்பவர்கள் முதலில் திரியைப் பார்க்கட்டும். குத்துவிளக்கின் முகத்தில் தடித் திரியைத் திணித்தால் எண்ணெய் ஏறாது இல்லையா, அதேதான். பஞ்சு காயிலுக்குள் லேசான இழுவையோடு போக வேண்டும். காயிலே கூட நகர்ந்தால் பஞ்சு அதிகம். வழுக்கிக்கொண்டு போனால் குறைவு. ஜூஸ் கொப்பளித்து வாய்க்கு வரும், காற்றுத் துளை வழியே ஒழுகும்.

டைட்டானியம், சுத்த நிக்கல் இரண்டையும் வெப்பக் கட்டுப்பாட்டில் மட்டுமே ஓட்ட முடியும். சிவக்க வைத்துச் சரிபார்க்கவும் கூடாது என்பதால் பரிந்துரைக்க மாட்டேன்.

என்னிடம் கேட்ட நண்பர்களுக்குக் காந்தல் உருளைதான் வாங்கிக் கொடுத்தேன். பத்துக் காயில் சுற்றி, மீட்டரில் மின்தடை ஆடாமல் நிற்கிற அளவுக்குத் திருகு பழகட்டும் என்று. அதில் இரண்டு பேர் இப்போது ஸ்டீலுக்கு வந்துவிட்டார்கள். நானும் அதில்தான் இருக்கிறேன்: இடைவெளி விட்டு 7 சுற்று, 220 டிகிரி.