கறுப்பு கிரில்லுக்கு அடியில் குரோம்: தின்னரா, ரிமூவரா, கோஸ்டிக் சோடாவா, பிரேக் ஒயிலா?

மச்சான் பண்டாரவளைப் பக்கம் ஒரு டொல்பின் வேன் எடுத்தார். எஞ்சினில் குறை சொல்ல முடியாது, சீட்டும் பரவாயில்லை, முன் கிரில் மட்டும் மட் கறுப்பு. கினிகத்தேனை இறக்கத்தில் முன்னால் போன லொறியின் டயர் ஒரு கல்லைத் தூக்கி எறிய, பட்ட இடத்தில் மிளகளவுக்குப் பெயின்ட் தெறித்து உள்ளே பளிச்சென்று குரோம் தெரிந்தது. அதோடு அவருக்குத் தூக்கம் போனது. டிசம்பர் போயாவோடு சிவனொளிபாதமலை சீசன் தொடங்கிவிடும், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு ஹயர் மேல் ஹயர், அதற்குள் கிரில் மின்ன வேண்டுமாம்.

கேட்ட ஆளெல்லாம் ஒவ்வொரு யோசனை சொன்னார்கள். மாமா பேச்சோடு நிற்காமல் கவ்வாத்துக் கத்தியின் நுனியால் ஒரு ஓரத்தைச் சுரண்டியே பார்த்துவிட்டார் (அந்தக் கோடு இன்னும் இருக்கிறது). சரி, ஆளுக்கு ஆள் சொல்வதை நம்பி முழுக் கிரில்லையும் பலி கொடுப்பதைவிட, கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து கம்பிக்கு ஒன்றாகப் போட்டுப் பார்ப்போம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எதைப் போடுவதானாலும் முதலில் இரண்டு விஷயம் தெரிய வேண்டும். அடியில் இருப்பது என்ன, மேலே இருப்பது என்ன. காந்தம் ஒட்டினால் இரும்பு. ஒட்டவில்லை, விரலால் தட்டினால் டொக் டொக் என்கிறது என்றால் பிளாஸ்டிக். இந்தக் காலத்து வண்டிகளில் அநேகமாக ஏபிஎஸ் பிளாஸ்டிக்கின் மேல் செம்பு, நிக்கல், கடைசியில் குரோம் என்று அடுக்கடுக்காகப் பூசியிருப்பார்கள். அந்தக் குரோம் அடுக்கு ஒரு மைக்ரோனுக்கும் குறைவு. நாம் பார்க்கும் பளபளப்பில் பெரும்பங்கு அடியில் இருக்கும் நிக்கலுடையது, அதனால் குரோம் தேய்ந்த இடம் லேசாக மஞ்சளடிக்கும். காந்தமும் ஒட்டவில்லை, தட்டினால் உலோகச் சத்தமும் வருகிறது என்றால் அலுமினியமாகவோ நாக (சிங்க்) வார்ப்பாகவோ இருக்கலாம், அதற்கு வேறு கவனம் வேண்டும்.

மேலே இருக்கும் பெயின்டைக் கண்டுபிடிக்க, தின்னர் தொட்ட துணியால் மறைவான இடத்தில் ஒரு தேய்ப்பு போதும். உடனே கரைந்து துணியில் வந்தால் ஸ்ப்ரே டின் வகை. சுருங்கிச் சுருங்கி எழும்பினால் எனமல். ஒன்றுமே நடக்காமல் உங்களையே பார்த்துக்கொண்டிருந்தால் ஹார்ட்னர் கலந்து அடித்த டூ-கே. மச்சானுடையது முதல் வகை.

அப்படியென்றால் தின்னரிலேயே முடித்துவிடலாமே என்று தோன்றும், எனக்கும் தோன்றியது. முதல் கம்பியை அதில்தான் துடைத்தேன். வேகத்தில் அதை அடிக்க ஆளில்லை, இரண்டே நிமிடத்தில் குரோம் தெரிந்தது. ஆனால் கரைந்த கறுப்பு அப்படியே வழிந்து மூலைகளில் போய் மை மாதிரி அப்பிக்கொண்டது, ஒரு இடத்தைத் துடைத்தால் பக்கத்து இடம் கறுத்தது. அதைவிடப் பெரிய சிக்கல் பின்பக்கத்தில். அங்கே ஒரு கொக்கி ஏற்கனவே உடைந்து வெறும் பிளாஸ்டிக் தெரிந்த இடத்தில் தின்னர் பட்டு, வெளுத்து, பிசுபிசுத்துப் போனது. பிடித்துத் திருப்பியபோது என் பெருவிரல் ரேகை அதில் பதிந்துவிட்டது, காய்ந்த பிறகும் போகவில்லை. தின்னரில் இருக்கும் டொலுயீன், அசிடோன் வகையறா ஏபிஎஸ்ஸைக் கரைக்கும். குரோம் மூடியிருக்கும் வரை தாங்கும், கீறலோ உடைப்போ இருந்தால் உள்ளே இறங்கிவிடும். கடைசித் துடைப்புக்குத் துணியில் தொட்டு வைத்துக்கொள்ளலாம், ஊறப்போடக் கூடாது.

பெயின்ட் ரிமூவரை இந்தக் கிரில்லில் நான் வைக்கவே இல்லை. மேல் வீட்டு அண்ணனிடம் கிடந்த பழைய ஆஸ்டின் பம்பரில், இரும்பு அது, யாரோ டூ-கே அடித்திருந்தார்கள், அதில் போட்டுப் பார்த்தோம். கால் மணி நேரத்தில் பெயின்ட் அப்பளம் மாதிரிப் பொங்கி எழுந்தது. இரும்புக்கு மேல் டூ-கே என்றால் வேறு பேச்சே இல்லை, இதுதான். ஆனால் டைகுளோரோமீதேன் கலந்த பழைய வகை ரிமூவர் ஏபிஎஸ்ஸைக் கூழாக்கிவிடும். மனுசனுக்கும் ஆகாது: மூடிய அறையில் சுவாசித்தால் உடம்புக்குள் போய்க் கார்பன் மொனொக்சைட்டாக மாறும். அமெரிக்காவில் 2019இல் இதை வீட்டுப் பாவனைக்கு விற்பதையே நிறுத்தினார்கள். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை பார்ப்பது நமக்குப் பழக்கம், இதில் மட்டும் அந்தப் பழக்கம் வேண்டாம், முற்றத்துக்குப் போய்விடுங்கள்.

கோஸ்டிக் சோடாவை எல்லோரும் சர்வரோக நிவாரணி மாதிரிச் சொல்கிறார்கள். அது பாதி உண்மை. எனமலில் எண்ணெய் இருப்பதால் சோடா அதைச் சவர்க்காரமாக்கிவிடும், அதே அண்ணனின் பழைய இரும்பு கிரில்லில் பிரஷ்ஷால் அடித்திருந்த பச்சை எனமல், பாலாடை மாதிரி மடிந்து மடிந்து வந்தது, பார்க்கவே ஆசையாக இருந்தது. மச்சானின் கம்பியில் ஒரு மணி நேரம் நனைத்த துணியைச் சுற்றி வைத்தும் ஸ்ப்ரே பெயின்டில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை. பிளாஸ்டிக்குக்கு அதனால் தீங்கில்லை, பலனும் இல்லை, அவ்வளவுதான். அலுமினியம், நாகம் என்றால் சோடா உலோகத்தையே தின்னும். கரைப்பதற்கும் அலுமினியச் சட்டி எடுக்காதீர்கள், பிளாஸ்டிக் பேசின் போதும். தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் பக்கத்திலேயே போகாதீர்கள், கண்ணில் பட்டால் பார்வை போய்விடும்.

பிரேக் ஒயில்தான் கடைசி ஆள். போத்தலில் டொட் 3, டொட் 4 என்றிருக்கும் இரண்டு வகையும் சரி. டொட் 5 சிலிக்கன், அது பெயின்டை ஒன்றும் செய்யாது, பார்த்து வாங்குங்கள். பழைய துணியை நனைத்துக் கம்பியில் சுற்றி, மேலே பொலித்தீன் பையை இறுக்கிக் கட்டி இரவு விட்டேன். பை முக்கியம். பிரேக் ஒயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், நம் பக்கத்து மூடுபனியில் திறந்து வைத்தால் காலையில் பாதி வேலைதான் நடந்திருக்கும். கட்டி வைத்தும் குளிருக்கு ஒரு இரவு பற்றவில்லை, இரண்டாம் இரவு அடுப்படிக்குக் கொண்டுபோனேன், வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை. காலையில் பையை அவிழ்த்தால் பெயின்ட் நனைந்த காகிதம் மாதிரித் தொளதொளத்துக் கிடந்தது. மூங்கில் சீவலால் தள்ள, தள்ள வந்தது. மூலைகளுக்குப் பழைய பல் பிரஷ். பின்பக்கப் பிளாஸ்டிக் வெளுக்கவில்லை, ஒட்டவில்லை. மெதுவானது, அழுக்கானது, ஆனால் இந்தக் கிரில்லுக்கு என் ஓட்டு இதற்குத்தான். டூ-கே அடித்த பிளாஸ்டிக் என்றால் இதுவும் திணறும், அப்போது பழைய கிரில் ஒன்றைத் தேடிக் கொழும்பில் பழைய பார்ட்ஸ் விற்கும் பஞ்சிகாவத்தைக்கு பஸ் ஏறுவது மேல்.

வோட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்தால் பெயின்டோடு குரோமும் போகும். கழிப்பறை கழுவும் அசிட்டைச் சிலர் சொல்வார்கள், ஹைட்ரோகுளோரிக் அசிட் குரோமைக் கரைக்கும், அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, எதைப் போட்டாலும் முடிவை ஏற்கனவே எழுதி வைத்தவர் முன்பு கறுப்பு அடித்த பெயின்ட் பாஸ். ஒழுங்கான ஆள் என்றால் பெயின்ட் பிடிக்க வேண்டும் என்று குரோமை நன்றாகப் பேப்பர் போட்டுக் கீறிவிட்டுத்தான் அடித்திருப்பார், பெயின்டைக் கழற்றினால் அந்தக் கீறலெல்லாம் உங்களுக்கு. சோம்பேறி என்றால் துடைத்துவிட்டு அப்படியே அடித்திருப்பார், உங்களுக்கு யோகம். மச்சானுக்கு அடித்தவர் நடுவில் மனம் மாறியிருக்கிறார்: மேல் கம்பி ஒன்றில் மட்டும் கீறல், அதற்குப் பிறகு கை வலித்ததோ தேத்தண்ணி வந்ததோ, மற்றதெல்லாம் கண்ணாடி.

மாட்டும்போது ஒரு தப்பு நடந்தது. கிரில்லைச் சவர்க்காரம் போட்டு இரண்டு முறை கழுவினேன், கொக்கிகளின் பொந்துக்குள் தங்கியிருந்த பிரேக் ஒயிலைக் கவனிக்கவில்லை. இரவில் அது சொட்டி, கிரில்லுக்குக் கீழே வெள்ளைப் பெயின்டில் உள்ளங்கை அளவுக்குப் பொங்க வைத்துவிட்டது. டச்-அப் பண்ண வந்த பாஸ் அந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, மின்னுகிற கிரில்லையும் ஒரு பார்வை பார்த்தார். "தம்பி, இதுக்கும் ஒரு கறுப்பு அடிச்சிடவா?" என்றார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.