டர்போ பெட்ரோல் காரும் கடற்கரைக் குடித்தனமும்: வாரண்டி முடிந்த பிறகு

2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜிஎஸ்டி 18 சதவீதமாகக் குறைந்ததிலிருந்து, தொண்டியில் இருக்கும் என் மச்சான் என்னைச் சும்மா இருக்க விடுவதில்லை. “மாப்பிள்ளை, நீங்கள் வைத்திருக்கிற அதே வண்டிதான், அதே எஞ்சின்தான். வாங்கலாமா, வேண்டாமா? ஒரே வார்த்தையில் சொல்லிவிடுங்கள்” என்கிறார். ஒரே வார்த்தையில் சொல்ல முடிந்தால் எப்போதோ சொல்லியிருப்பேன். எத்தனை குதிரைத்திறன், எத்தனை காற்றுப்பை, திரை எத்தனை அங்குலம் என்பதெல்லாம் ஷோரூமில் கொடுக்கும் தாளிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ, சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அந்தத் தாளில் இல்லாதது, எஞ்சினில் கோளாறு என்று டாஷ்போர்டில் எரியும் மஞ்சள் விளக்கு. அதைப் பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

நான் இருப்பது ராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம். வீட்டுக்கு கார் ஷெட் கிடையாது. தென்னை ஓலை நிழல்தான். கச்சான் காற்று வீசும் மாதங்களில் காலையில் எழுந்து பார்த்தால் முன்கண்ணாடி முழுக்க வெள்ளைப் படலம் இருக்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கும். பெயிண்டில் படுவதைக் கழுவிவிடலாம். பானெட்டுக்குள் போவதைக் கழுவ முடியாது.

வாரண்டி முடிந்து சில மாதங்களில் எஞ்சின் மிஸ் அடிக்கத் தொடங்கியது, அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாகப் பற்றாமல் விட்டுவிட்டு ஓடியது. வீட்டு வாசலில் நிற்கும்போது ஒழுங்காக ஓடும், மண்டபம் தாண்டி உச்சிப்புளி சாலையில் பறக்கும். பாம்பன் பாலத்தில் மட்டும் இழவு. 1988இல் திறந்த அந்தப் பாலத்தின் மேல் வண்டியை ஓரங்கட்டிவிட்டுக் கடலையும் ரயில் பாலத்தையும் வேடிக்கை பார்ப்பது வெளியூர்க்காரர்களுக்கு வழக்கம். 2025 ஏப்ரலில் புதிய தூக்குப் பாலம் வந்தபின் கூட்டம் இன்னும் கூடிவிட்டது. அந்த நெரிசலில் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது ஏசி ஓடும், முன்னால் ரேடியேட்டர் மின்விசிறி சுழலத் தொடங்கும், உடனே எஞ்சின் விக்கும், மஞ்சள் விளக்கு எரியும். பழைய ரயில் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் தானாகச் சிவப்புக்கு மாறிவிடும் என்பார்கள். எனக்குக் காற்றே வேண்டியதில்லை, கூட்டமே போதும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். எந்தக் கம்பெனி, எந்த ஊர் என்று எழுதப் போவதில்லை. எழுதினாலும் அவர்கள் திருந்தப் போவதில்லை. கோளாறு எண்ணைப் படிக்கும் ஸ்கேனரைச் செருகினார்கள். பி0302 என்று வந்தது, அதாவது இரண்டாவது சிலிண்டரில் மிஸ். இரண்டாவது சிலிண்டருக்கு, பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலை மாற்றினார்கள். கோளாறு எண்ணை அழித்தார்கள். பாலம் ஏறினேன், விளக்கு எரிந்தது. அடுத்தமுறை ஸ்பார்க் பிளக் மூன்றும் மாற்றினார்கள். விளக்கு எரிந்தது. அதற்கடுத்தமுறை பி0300 வந்தது: எந்த சிலிண்டர் என்று சொல்ல முடியாமல் மாறி மாறி மிஸ் அடிக்கிறது என்று பொருள். அப்போதாவது ஒருவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? “சார், இன்ஜெக்டர் மூன்றையும் மாற்றிப் பார்த்துவிடலாம்” என்றார் அந்த அட்வைசர். இன்ஜெக்டர் என்பது பெட்ரோலைப் பீய்ச்சும் முனை. மாற்றிப் பார்த்துவிடலாமாம். என் காசில் பார்ப்பதற்கு அவருக்கு என்ன கஷ்டம்? அவர்கள் கொடுத்த மதிப்பீட்டுத் தாளில் ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கிவிடலாம்.

அங்கிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு நேராக ராமநாதபுரம் பட்டணம்காத்தான் பக்கம் இருக்கும் ஒரு தனிப் பட்டறைக்குப் போனேன். அதை நடத்துகிறவர் புதிய பெட்ரோல் எஞ்சின்களை மட்டும் பார்ப்பவர். வளைகுடாவில் பல வருடம் இதே வேலை செய்துவிட்டு ஊர் திரும்பியவர், சொந்த ஊர் கீழக்கரை. பட்டறைப் பையன்கள் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பட்டறைக்குப் பெயர்ப்பலகையே ஒழுங்காக இல்லை.

காக்கா ஸ்கேனரைக் கையில் எடுக்கவே இல்லை. கேள்வி கேட்டார். எப்போது மிஸ் அடிக்கிறது? சூடானபிறகா, ஆறியபிறகா? ஏசி போட்டால் கூடுகிறதா? ராத்திரி ஹெட்லைட் போட்டால்? வண்டி எங்கே நிற்கிறது, ஷெட்டா, வெட்டவெளியா? நான் பதில் சொல்லச் சொல்ல அவர் என் முகத்தைப் பார்க்காமல் பானெட்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “இரண்டாவது சிலிண்டர் என்று ஸ்கேனர் சொல்லும். ஏன் என்று சொல்லாது. வண்டி இங்கே இருக்கட்டும்” என்றார். எவ்வளவு ஆகும் என்று கேட்டேன். பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். எப்போது கிடைக்கும்? அதற்கும் அதே பதில்தான். கோபத்தோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தேன்.

அடுத்து அங்கே போனபோது என் கண் முன்னாலேயே செய்து காட்டினார். எஞ்சின் ஓடுகிறது. ஏசி முழு வேகத்தில், ஹெட்லைட் ஹைபீமில், பின்கண்ணாடி ஹீட்டர், ரேடியேட்டர் விசிறி எல்லாம் ஓடுகின்றன. மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவ்வில் வைத்தார், இன்னொன்றை எஞ்சினின் வெறும் அலுமினியத்தில். இரண்டும் எர்த்தான், மின்சாரம் திரும்பி வரும் பாதை. இடையே 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. மீட்டர் 0.8 என்றது. ஏசியை அணைத்தார், இறங்கியது. போட்டார், ஏறியது. பிறகு கீழே குனிந்து, எஞ்சினையும் பாடியையும் இணைக்கும் எர்த் பட்டையைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். மேலே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது. கறுப்பு உறையைப் பிளேடால் கீறிப் பிரித்தபோது உள்ளே செம்புப் பின்னல் இல்லை, பச்சைக் களிம்பு இருந்தது. நசுக்கியதும் பொடியாக உதிர்ந்தது.

விஷயம் இவ்வளவுதான். மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் எஞ்சின் மேல் உட்கார்ந்திருக்கிறது. விசிறி, விளக்கு, ஏசி எல்லாம் குடித்த மின்சாரம் பாடி வழியாகத் திரும்பி, இந்தப் பட்டையைக் கடந்துதான் எஞ்சினுக்கு வர வேண்டும். பட்டை உப்பில் அரித்துப்போனால் பாரம் கூடும்போதெல்லாம் எர்த் தள்ளாடும், காயில்களுக்குச் சரியான மின்னழுத்தம் கிடைக்காது, பொறி பலவீனமாகும். சும்மா நிற்கும்போது தெரியாது. பாலத்து நெரிசலில் விசிறியும் ஏசியும் சேரும்போதுதான் தெரியும். சர்வீஸ் சென்டரின் குளிர்ந்த கொட்டகையில் ஏசி போடாமல் ஓட்டிப் பார்த்துவிட்டு “சரியாகிவிட்டது சார்” என்று சாவியைக் கொடுத்ததன் ரகசியமும் அதுதான். பட்டையின் விலை சில நூறு ரூபாய். கழற்றிய பழைய காயிலை டிக்கியிலேயே வைத்திருக்கிறேன். அதற்கு எந்தக் குறையும் இல்லை என்று காக்கா சோதித்துச் சொல்லிவிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

பட்டையோடு விடவில்லை. மற்ற எர்த் இணைப்புகளையும் கழற்றிச் சுரண்டி, கிரீஸ் வைத்து முடுக்கினார். பிறகு எஞ்சினுக்குள் காற்று போகும் இன்டேக் வழியாகச் சின்ன கேமராவை விட்டு வால்வைக் காட்டினார். வால்வின் முதுகில் தார் உருண்டை மாதிரி கரி.

இது இந்த வகை எஞ்சின் எல்லாவற்றுக்கும் உள்ள பிறவிக்குணம். பழைய எஞ்சினில் இன்ஜெக்டர் வால்வுக்கு வெளியே நின்று மூன்று நான்கு பார் அழுத்தத்தில் பெட்ரோலைத் தெளிக்கும். வால்வு தானாகவே கழுவப்பட்டுவிடும். இதில், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் ஓட்டும் தனி பம்ப் ஒன்று அழுத்தத்தை இருநூறு பார் அளவுக்கு ஏற்றி, பெட்ரோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சுகிறது. வால்வின் முதுகில் ஒரு சொட்டுப் பெட்ரோலும் படாது. எஞ்சினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸிலிருந்து வரும் ஆயில் ஆவி மட்டும் படும், சூட்டில் கருகி ஒட்டும். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் எதுவும் அந்த இடத்தைத் தொடாது. பெட்ரோல் போகாத இடத்துக்கு பெட்ரோலில் கலந்தது எப்படிப் போகும்? ஆனாலும் பெட்ரோல் பங்கில் அதை என் தலையில் கட்டப் பார்க்காத பையன் இல்லை.

“இப்போது சுத்தம் செய்ய வேண்டாம். இன்னும் ஓடட்டும்” என்றார் காக்கா. வேலை வேண்டாம் என்று சொல்லும் மெக்கானிக்கை நான் அதுவரை பார்த்ததில்லை. அடுத்த வருடம், காலையில் குளிர்ந்த எஞ்சின் உதறத் தொடங்கியபோதுதான் செய்தார். இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டராக வால்வு மூடியிருக்கும்படி எஞ்சினைத் திருப்பி நிறுத்தி, பொடித்த அக்ரூட் ஓட்டைக் காற்றழுத்தத்தில் அடித்து, இன்னொரு குழாயால் உறிஞ்சி எடுத்தார். அக்ரூட் ஓடு கரியைப் பெயர்க்கும், உலோகத்தைக் கீறாது. மணலோடு பிறந்து வளர்ந்த எனக்கு மணலையே அடித்தால் என்ன என்று தோன்றியது, கேட்கவில்லை.

அதே சாக்கில் ஒரு இன்ஜெக்டரைக் கழற்ற வேண்டி வந்தது. அங்கேதான் எனக்கும் அவருக்கும் முட்டிக்கொண்டது. இன்ஜெக்டர் நுனியில் இருக்கும் மெல்லிய டெஃப்லான் சீலை ஒருமுறை கழற்றினால் புதிதுதான் போட வேண்டும் என்பது அவர் சட்டம். சீல் மதுரையில் இல்லை, சென்னையிலிருந்து வர வேண்டும். வீட்டில் ஒரு நிச்சயதார்த்தம், வண்டி கட்டாயம் வேண்டும். “பழையதையே போட்டுக் கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளலாம்” என்று கெஞ்சினேன். எரியும் சிலிண்டரின் அழுத்தத்தை அந்தச் சீல்தான் தாங்குகிறது, பழையதைப் போட்டுத் தர மாட்டேன் என்று ஒரே பிடி. வாடகைக் காரில் போய் வந்தோம். என் மனைவி இன்றுவரை காக்காவின் பெயரை நல்லவிதமாகச் சொல்வதில்லை.

காக்கா போனை எடுக்க மாட்டார். எடுத்தால் “நாளைக்குச் சொல்கிறேன்” என்பார், நாளைக்கும் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை தொழுகை நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பட்டறையில்தான் இருக்கிறார். பிறகு போனை எடுப்பதற்கு என்ன? உட்கார ஒரு நாற்காலி இல்லை. தங்கச்சிமடத்திலிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய், “இன்னும் தொடவில்லை” என்ற பதிலைக் கேட்டுவிட்டு வெயிலில் பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது, அந்த சர்வீஸ் சென்டரின் ஏசி அறையும் ஓசிக் காப்பியும் ஞாபகம் வரத்தான் செய்கிறது.

ஆயில் பற்றி அவர் சொன்னதையும் எழுதிவிடுகிறேன். என் ஓட்டம் பெரும்பாலும் தங்கச்சிமடம், ராமேஸ்வரம், பாம்பன் என்று குறுகிய தூர ஓட்டம். எஞ்சின் முழுச் சூடு ஏறுவதற்குள் அணைத்துவிடுகிறேன். எரியாத பெட்ரோல் கொஞ்சம் பிஸ்டன் ஓரமாக ஆயிலில் இறங்குகிறது, ஆவியாகிப் போகச் சூடு போதவில்லை. ஒருநாள் அவர் ஆயில் குச்சியை உருவி மூக்கருகே நீட்டினார். பெட்ரோல் வாடை. ஆயில் மட்டம் குறைவதற்குப் பதில் மேல்கோட்டைத் தாண்டி ஏறியிருந்தது. ஆயில் குறையவில்லை என்று பெருமைப்படுகிறவர்கள் குச்சியை ஒருமுறை முகர்ந்து பார்ப்பது நல்லது. கையேடு பத்தாயிரம் கிலோமீட்டர் என்கிறது, இவர் ஐயாயிரத்தில் மாற்றச் சொல்கிறார். ஏபிஐ எஸ்பி தரத்துக்குக் குறைந்த ஆயிலை இந்த எஞ்சினில் ஊற்ற மாட்டார். 2020இல் வந்த தரம் அது. டர்போ எஞ்சின் குறைந்த சுழற்சியில் இழுக்கும்போது கலவை நேரத்துக்கு முன்பே பற்றிக்கொண்டு பிஸ்டனை உடைக்கும் கோளாறுக்கு எதிராகச் சோதிக்கப்பட்டது.

மைலேஜ் குறைந்துவிட்டதே என்று அவரிடம் புலம்பியதில் பயன் இல்லை. இ20 பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால், எத்தனாலின் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆறேழு சதவீதம் அங்கேயே போய்விடுகிறது. அதற்கு எந்தப் பட்டறையிலும் மருந்து இல்லை.

இத்தனைக்கும் பிறகு எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. எர்த் பட்டை மாற்றியதிலிருந்து மஞ்சள் விளக்கு எரியவில்லை. உச்சிப்புளி தாண்டி, முன்னால் ஐஸ் லாரி ஒன்று தண்ணீர் சொட்டிக்கொண்டு போகும்போது, மூன்றாம் கியருக்கு இறக்கி மிதித்தால் அந்தச் சின்ன எஞ்சின் இழுக்கிற இழுவைக்கு என் பழைய 1.2 லிட்டர் வண்டி பக்கத்திலேயே வர முடியாது. வேலை என்று பார்த்தால் காக்காவின் கைக்குப் பத்துக்குப் பத்து.

மச்சானுக்கு என் பதில்: வாங்க வேண்டாம். தொண்டியில் அவருக்கு வீட்டிலிருந்து கடைக்கு, கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு என்றுதான் ஓட்டம். இந்த எஞ்சினுக்கு அதைவிடக் கெட்ட ஓட்டம் கிடையாது. கோளாறு வந்தால் தேவிபட்டினம் வழியாக ராமநாதபுரம் வர வேண்டும், வந்து காக்காவிடம் காத்திருக்க வேண்டும். என் மச்சானுக்கு டீக்கடையில் டீ வரத் தாமதமானாலே முகம் சிவந்துவிடும். டர்போ இல்லாத, வால்வுக்கு வெளியே பெட்ரோலைத் தெளிக்கிற சாதாரண எஞ்சினே இன்னும் விற்பனையில் இருக்கிறது, வரிக்குறைப்பு அதற்கும் உண்டு. அதை வாங்கிக்கொள்ளட்டும். எதை வாங்கினாலும் வருடத்துக்கு ஒருமுறை எர்த் இணைப்புகளைக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். உப்புக்கு எஞ்சின் வகை தெரியாது.

“அப்படியென்றால் உங்கள் வண்டியைத் தள்ளிவிட ஆள் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். எதற்கு? எனக்கு அது வேண்டும். ஆயில் மாற்றும் நேரம் நெருங்குகிறது. காலையிலிருந்து காக்காவுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன், மனிதர் இன்னும் போனை எடுக்கவில்லை.