சித்தப்பாவின் பச்சை டிக்: வீட்டுக் கணினிக்கு எந்தப் பூட்டு?

சித்தப்பாவின் மின்னஞ்சல் பறிபோன அன்று, அவருடைய கணினித் திரையின் வலது மூலையில் ஆண்டிவைரஸின் பச்சை டிக் பளிச்சென்று இருந்தது. மூன்று கணினிகளுக்கு மூன்று ஆண்டுகள் என்று மொத்தமாகப் பணம் கட்டி வாங்கியது. வீட்டில் இருப்பதோ ஒரே கணினி. கேட்டால், "தள்ளுபடியில் கிடைத்ததடா" என்றார்.

நடந்தது இவ்வளவுதான். "உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் மூடப்படும்" என்று ஒரு மடல் வந்தது. அதிலிருந்த இணைப்பை அழுத்தினார். தினமும் பார்க்கிற உள்நுழைவுப் பக்கம் போலவே ஒன்று திறந்தது. கடவுச்சொல் கேட்டது, கொடுத்தார். கைபேசிக்கு ஓடிபி வந்தது, அதையும் கொடுத்தார். 'நன்றி' என்று முடித்துக்கொண்டது. இருட்டுவதற்குள் உறவினர் அத்தனை பேருக்கும் அவர் பெயரில் "அவசரம், கொஞ்சம் பணம் அனுப்ப முடியுமா" என்று மடல் போய்விட்டது. கணினிக்குள் எந்த வைரஸும் வரவில்லை. எனவே ஆண்டிவைரஸுக்கு அங்கே வேலையே இருக்கவில்லை. அந்தப் பச்சை டிக் பொய் சொல்லவும் இல்லை.

கணினி பற்றி ஏதோ தெரிந்தவன் என்ற பெயர் குடும்பத்தில் எனக்கு வந்துவிட்டதால், கல்யாண வீட்டுப் பந்தியில்கூட "இது நல்லதா, அது நல்லதா" என்ற கேள்வி வரும். நான் இப்போதெல்லாம் எதையும் சித்தப்பாவின் அந்தப் பிற்பகலை வைத்துத்தான் அளக்கிறேன். அன்று இது இருந்திருந்தால் திருடன் வெறுங்கையோடு திரும்பியிருப்பானா?

வாங்கிய காவலா, கூடவே வந்த காவலா

மைக்ரோசாஃப்ட் 2009இல் இலவச ஆண்டிவைரஸ் ஒன்றைத் தனியாக வெளியிட்டது. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் அது டிஃபெண்டர் என்ற பெயரில் இயங்குதளத்தோடு சேர்ந்தே வருகிறது. தொடக்கத்தில் அதை யாரும் மதிக்கவில்லை. சோதனைக் கூடங்களில் அடிமட்ட மதிப்பெண்தான் கிடைத்தது. இன்று நிலைமை வேறு. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பாரட்டிவ்ஸ் ஆகிய கூடங்களின் பட்டியல்களில் அது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களுக்குச் சமமாக நிற்கிறது.

அப்படியானால் காசு கொடுத்து வாங்குவதில் என்ன கூடுதல்? பிள்ளைகள் எந்தத் தளத்துக்குப் போகிறார்கள் என்று பார்க்கும் வசதி, இணையப் போக்குவரத்தை மறைத்து அனுப்பும் விபிஎன், சிக்கல் வந்தால் தொலைபேசியில் கேட்க ஓர் ஆள். நம் சென்னையின் கே7, புணேயின் குவிக் ஹீல் போன்றவற்றை வாங்குகிறவர்கள் பலரும் அந்தக் கடைசிக் காரணத்துக்காகத்தான் வாங்குகிறார்கள். அது தேவைப்படுகிறவர்கள் வாங்கலாம். ஆனால் இலவசமாகக் கிடைக்கும் வேற்று ஆண்டிவைரஸ்களிடம் எச்சரிக்கை தேவை. பயனர்கள் எந்தெந்தத் தளங்களைப் பார்த்தார்கள் என்ற விவரத்தை விற்றதற்காக, அவாஸ்ட் நிறுவனம் 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று 2024இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் அறிவித்தது. காவலுக்கு வைத்த ஆளே வீட்டுக் கதையை வெளியில் விற்ற கணக்கு.

என் தீர்ப்பு டிஃபெண்டருக்கே. ஒரு நிபந்தனை உண்டு: விண்டோஸ் அப்டேட் தடையில்லாமல் வரவேண்டும். 2017 மே 12 அன்று, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் பிணைத்தொகை நிரலான வான்னாக்ரை உலகத்தைக் கலக்கியது. பிரிட்டனின் அரசு மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் 14 அன்றே வந்துவிட்டது. "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை இரண்டு மாதம் அழுத்திக்கொண்டிருந்தவர்களும், அப்டேட்டே வராத பழைய விண்டோஸ் வைத்திருந்தவர்களும் அகப்பட்டார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. இன்னும் அதில் இருப்பவர்கள் ஆண்டிவைரஸ் சந்தாவுக்குக் கொடுக்கும் பணத்தை அடுத்த கணினிக்கு எடுத்துவைக்கலாம்.

'கிராக்' செய்த, அதாவது காசு கட்டாமல் பூட்டை உடைத்த மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் எந்தக் காவலும் உதவாது. ஸ்டாப்-டிஜேவியூ என்ற பிணைத்தொகை நிரல் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வீடுகளுக்குள் வந்தது. 980 டாலர் கேட்கும். 72 மணி நேரத்துக்குள் கட்டினால் பாதி விலை. திருடன்கூட ஆடித் தள்ளுபடி தருகிறான். கிராக்கை நிறுவும்போது "ஆண்டிவைரஸை அணைத்துவிடுங்கள்" என்று குறிப்பு இருக்கும். நாமும் நம் கையாலேயே அணைத்துவிடுவோம்.

நோட்டுப் புத்தகமா, பிரவுசரா, பெட்டகமா

சித்தப்பாவிடம் நீல அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கிறது. பால் கணக்கு, எரிவாயு பதிவு எண், நடுவில் கடவுச்சொற்கள். கணினிக்காரர்கள் இதைப் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். நான் அடித்துக்கொள்ள மாட்டேன். வேறு நாட்டில் உட்கார்ந்திருக்கும் திருடனுக்கு அந்த நோட்டு எட்டாது. நோட்டில் எழுதும் பழக்கம் இருப்பதால் ஒவ்வொரு தளத்துக்கும் வேறு வேறு கடவுச்சொல் வைக்க முடிகிறது. மனப்பாடத்தை நம்புகிறவர்கள் எல்லா இடத்திலும் ஒன்றையே வைக்கிறார்கள். 2013இல் யாஹூவில் 300 கோடிக் கணக்குகளின் விவரம் திருடுபோனது. அதே கடவுச்சொல்லை வேறு தளங்களிலும் வைத்திருந்தவர்களுக்கு அங்கேயும் ஆபத்துதான்.

ஆனால் நோட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. அதற்குக் கண் இல்லை. அன்று வந்த போலிப் பக்கத்தின் முகவரியை நான் பிறகு பார்த்தேன். 'ஓ' இருக்க வேண்டிய இடத்தில் சுழியம். அறுபத்தெட்டு வயதுக் கண்ணுக்கு மட்டுமல்ல, யார் கண்ணுக்கும் அது தப்பிவிடும். பிரவுசரில் சேமித்த கடவுச்சொல் அந்தப் பக்கத்தில் தானாக நிரம்பாது. அதற்கு 'ஓ' வேறு, சுழியம் வேறு. "என்ன இது, இன்றைக்கு நிரம்பவில்லையே" என்று ஒரு நொடி தயங்கினால் போதும், பிழைத்தோம்.

பிரவுசருக்கும் பலவீனம் உண்டு. ரெட்லைன் போன்ற திருட்டு நிரல்கள் கணினிக்குள் வந்ததும் முதலில் துழாவுவது பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்களைத்தான். அவையும் பெரும்பாலும் கிராக் வழியாகவே வருகின்றன. கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் தனிப் பெட்டக மென்பொருள்களில் பிட்வார்டன் இலவசமாகவே போதுமான அளவு கிடைக்கிறது. இணையத்தில் எதையும் வைக்க விரும்பாதவர்களுக்குக் கீபாஸ் இருக்கிறது. கோப்பு உங்கள் கணினியிலேயே இருக்கும், அதைத் தொலைத்தால் பொறுப்பும் உங்களுடையதே. லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து 2022இல் வாடிக்கையாளர்களின் பெட்டகங்களே திருடுபோயின. உள்ளிருந்த கடவுச்சொற்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தாலும், பெட்டகத்தைத் திறக்கும் முதன்மைக் கடவுச்சொல்லைச் சிறியதாக வைத்தவர்களுக்கு அது ஆறுதல் இல்லை.

நாற்பது கணக்குகள் வைத்திருக்கிறவர்களுக்குப் பிட்வார்டன். சித்தப்பாவுக்கு நோட்டும் பிரவுசரும் சேர்த்து. ஜெராக்ஸ் கடையில் ஆதார் நகல் எடுக்கப் போய் அங்கே மின்னஞ்சலைத் திறந்து, வெளியேறாமல் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு மூன்றுமே பயன்படாது. அந்த வழக்கத்தை முதலில் விட வேண்டும்.

இரண்டாவது பூட்டு

அன்றைய கேள்வி உண்மையில் இங்கேதான் இருக்கிறது. சித்தப்பாவிடம் இரண்டாவது பூட்டு இருந்தது. எஸ்எம்எஸ் ஓடிபி. அதுவும் விழுந்தது.

எஸ்எம்எஸ்ஸைப் பற்றி எல்லாரும் சொல்லும் குறை சிம் மாற்று மோசடி. உங்கள் பெயரில் புது சிம் வாங்கிவிட்டால் ஓடிபி திருடனுக்குப் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டரின் அன்றைய தலைமை நிர்வாகி ஜாக் டோர்சியின் ட்விட்டர் கணக்கே அவருடைய கைபேசி எண் வழியாகப் பறிபோனது. நிஜம்தான். ஆனால் சித்தப்பாவின் சிம்மை யாரும் தொடவில்லை. எண்ணை அவரே படித்து அவரே தட்டினார். போலிப் பக்கம் அதை அடுத்த நொடியே உண்மையான பக்கத்தில் போட்டுவிட்டது.

"அதனால்தான் ஆதென்டிகேட்டர் செயலி வைக்கச் சொன்னேன்" என்று என் தம்பி உடனே சொன்னான். 30 நொடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண். சிம் தேவையில்லை, சிக்னல் தேவையில்லை, சிம் மாற்று மோசடி அங்கே செல்லாது. எல்லாம் சரி. அன்று அது இருந்திருந்தாலும் சித்தப்பா அந்த ஆறு இலக்கத்தையும் படித்துத் தட்டியிருப்பார். நம்மால் தட்டக்கூடிய எதையும் திருடனுடைய கட்டத்திலும் தட்ட முடியும். எஸ்எம்எஸ்ஸா செயலியா என்று நடக்கும் சண்டையில் இது ஏனோ பேச்சுக்கே வருவதில்லை.

அந்தச் சண்டைக்கு வெளியே இருப்பவை இரண்டு. ஒன்று, பென் டிரைவ் போல இருக்கும் பாதுகாப்புச் சாவி. ஸ்வீடனில் தொடங்கிய யூபிகோ நிறுவனத்தின் யூபிகீ பெயர்பெற்றது. மற்றொன்று, 2022இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ஆதரவு அறிவித்த, கடவுச்சொல்லுக்குப் பதிலான பாஸ்கீ. கைபேசியில் விரல் வைத்தால் உள்ளே போகலாம்; ரேகை கைபேசியை விட்டு வெளியே போகாது. இரண்டிலும் உங்கள் கண்ணுக்கு எண் எதுவும் தெரியாது. எந்தத் தள முகவரிக்காக உருவானதோ அந்த முகவரி கேட்டால் மட்டுமே அவை பதில் சொல்லும். சுழியம் போட்ட முகவரி எவ்வளவு கெஞ்சினாலும் வாய் திறக்காது.

கூகுளும் இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் 2019இல் இதை அளந்து பார்த்தன. தனி ஒருவரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் எஸ்எம்எஸ் 76 சதவீதத்தைத் தடுத்தது. கைபேசியில் "நீங்கள்தானா?" என்று கேட்கும் முறை 90 சதவீதம். பாதுகாப்புச் சாவி 100. எஸ்எம்எஸ்ஸையும் இளக்காரமாகப் பேச வேண்டாம். மொத்தமாக வலை வீசும் தாக்குதல்களில் 96 சதவீதத்தை அது தடுத்திருக்கிறது. எதுவும் இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். நம் வங்கிகளில் பெரும்பாலும் அதுதான் வழி, அங்கே நமக்குத் தேர்வு இல்லை.

யூபிகீயா, பாஸ்கீயா? சாவி சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒன்று தொலைந்தால் திண்டாடக்கூடாது என்பதால் இரண்டு வாங்க வேண்டும். பத்திரிகையாளர், வக்கீல், அலுவலகப் பணத்தைக் கையாள்கிறவர் வாங்கட்டும். வீட்டுக்குப் பாஸ்கீ போதும், செலவும் இல்லை. அதில் ஒரு பொத்தல் உண்டு: பாஸ்கீயை வைத்த பிறகும் "வேறு வழியில் முயல்க" என்ற பழைய கதவு பல கணக்குகளில் திறந்தே இருக்கும். போலிப் பக்கம் அந்தக் கதவுக்குத்தான் உங்களைத் தள்ளிக்கொண்டு போகும். ஆகவே சித்தப்பாவிடம் ஒன்றே ஒன்றைச் சொல்லிவைத்தேன்: விரல் கேட்காமல் எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள்.

கைபேசியே தொலைந்தால்? கூகுள் கணக்கில் எட்டு இலக்க மாற்றுக் குறியீடுகள் பத்து தருவார்கள், ஒன்றை ஒரு முறைதான் பயன்படுத்தலாம். அச்சிட்டு ரேஷன் கார்டு இருக்கும் பிளாஸ்டிக் உறையிலேயே வைத்துவிட்டோம். கணக்கில் பதிந்திருக்கும் கைபேசி எண் இப்போதும் உங்களுடையதுதானா என்றும் ஒருமுறை பாருங்கள். கைவிட்ட எண் சில மாதங்களில் வேறொருவருக்குப் போய்விடும்.

ஹார்ட் டிஸ்க்கா, மேகமா

கோப்புகளுக்குக் காப்புப் பிரதி எங்கே வைப்பது என்பதில் நீண்ட விசாரணை தேவையில்லை. மேகத்தோடு, அதாவது இணையச் சேமிப்போடு, ஒத்திசையும் கோப்புறையே காப்புப் பிரதி என்று நினைக்கப்படுகிறது. பிணைத்தொகை நிரல் இங்கே கோப்பைப் பூட்டினால் அங்கேயும் பூட்டிய கோப்புதான் போய்ச் சேரும். பழைய பதிப்புகளை மீட்கும் வசதி இருந்தால் தப்பிக்கலாம், அதற்கும் நாள் கெடு உண்டு. ஒரு வெளி ஹார்ட் டிஸ்க்கில் மாதம் ஒருமுறை படங்களை நகலெடுத்து, கையோடு கழற்றிப் பீரோவில் வைப்பதுதான் எனக்குப் பிடித்த முறை. எப்போதும் செருகியே வைத்திருந்தால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும். இரண்டும் இருந்தால் நல்லது; ஒன்றுதான் என்றால் ஹார்ட் டிஸ்க்.

சித்தப்பாவின் கணக்கு மூன்றாம் நாள் திரும்பக் கிடைத்தது. கடவுச்சொல்லை மாற்றினோம், அறியாத சாதனங்களையெல்லாம் வெளியேற்றினோம். முடிந்தது என்று எழுந்திருக்கப் போனவன், ஏதோ தோன்றி அமைப்புகளில், வரும் மடல்களைத் தானாகப் பிரித்து அனுப்பும் வடிகட்டிகளின் பட்டியலைத் திறந்தேன். சித்தப்பா வாழ்நாளில் ஒரு வடிகட்டிகூட அமைத்ததில்லை. அங்கே ஒன்று இருந்தது: 'பேங்க்' என்ற சொல் வரும் எந்த மடலும் முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போகவேண்டும், இங்கே அழிந்துவிடவேண்டும். கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டே இருந்திருக்கும். அதை நீக்கினேன். மடல்களை வேறு முகவரிக்குத் திருப்பும் முன்னனுப்பல் பகுதியையும் பார்த்தேன், அதே முகவரி அங்கேயும் இருந்தது, அதையும் நீக்கினேன்.

சித்தப்பா நீல நோட்டைத் திறந்து, பால் கணக்குக்குக் கீழே "வடிகட்டி, மாதம் முதல் தேதி பார்க்க" என்று எழுதிக்கொண்டார். ஆண்டிவைரஸ் சந்தா இன்னும் இரண்டு ஆண்டுகள் இருக்கிறதே, அதை என்ன செய்வது என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.